ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: ‘ஸ்ட்ரேஞ்ச்லி’ பற்றி ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

ஆங்கில விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். ‘ஸ்ட்ரேஞ்ச்லி’க்கு அர்த்தம் கேட்ட இடத்தில் ‘விசித்திரமாக’ என்று அநேகமாக எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனால் அதே சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பலர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், சிலர் ‘தி மில்க் ஸ்மெல்ஸ் ஸ்ட்ரேஞ்ச்லி’ என்று எழுதியிருக்கிறார்கள்.

தயவுசெய்து இதற்காகத் திட்டாதீர்கள். ‘பூ அழகாக இருக்கிறது’, ‘பால் ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று ‘ஆக’ போட்டுத்தானே நாம் பேசுகிறோம், அந்த ‘ஆக’வுக்கு ஆங்கிலத்தில் ‘லி’ என்று பிள்ளை தானே யோசித்துப் போட்டிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கிலத்தில் இஸ், லுக்ஸ், ஸ்மெல்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல வெறும் ‘ஸ்ட்ரேஞ்ச்’ போதும். செயல் நடந்த விதத்தைச் சொன்னால்தான் ‘லி’ வேண்டும்.

அப்புறம், இந்தச் சொல் நிற்கும் இடம். ‘ஹி ஸ்மைல்டு ஸ்ட்ரேஞ்ச்லி’ என்றால் அந்தச் சிரிப்பே சரியில்லை, ஒரு மாதிரியாகச் சிரித்தார். அதையே முன்னால் கொண்டுவந்து ஒரு காற்புள்ளி போட்டு ‘ஸ்ட்ரேஞ்ச்லி, ஹி ஸ்மைல்டு’ என்று எழுதினால் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை, அவர் சிரித்தார் என்பதுதான் ஆச்சரியம், ஏனென்றால் அழுவார் என்றோ கோபப்படுவார் என்றோ நாம் நினைத்திருந்தோம். ‘விசித்திரமாக’ என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். ‘லி’ சேர்க்கும்போது நடுவில் இருக்கும் ‘இ’ எழுத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், வாசிக்கும்போது ‘ஸ்ட்ராங்லி’ என்கிறார்கள், அது வேறு சொல். ‘ஸ்ட்ரேஞ்சர்’ எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், தெரியாத ஆளிடம் மிட்டாய் வாங்காதே என்று நீங்களே சொல்லி வளர்த்ததுதான், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதை நினைவுபடுத்துங்கள், உச்சரிப்பும் சரியாகிவிடும்.

உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை. இன்று நீ எதிர்பார்க்காத மாதிரி என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள், பிள்ளை சொல்வதை அதுவே ஆங்கிலத்தில் எழுதட்டும். தப்பாக இருந்தாலும் அழிக்க வேண்டாம், கீழே கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புங்கள், ஆங்கில ஆசிரியரும் நானும் உட்கார்ந்து படிக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்