கோத்தகிரியிலிருந்து கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் நலம். பச்சைத் தேயிலை விலை ஏறினபாடில்லை, ஊரெல்லாம் அதே பேச்சுதான்.

"கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு ஃபின்லாந்துக்காரர்கள் பேசுவதை எதற்கடி தேடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

என்னிடம் காது பரிசோதனைக்கு வரும் பெரியவர்கள் பலருக்கும் ஒரே குறைதான். "சத்தம் கேக்குதும்மா, என்ன பேசறாங்கன்னுதான் புரியல." அமைதியான அறையில் வைத்துப் பேசினால் சமாளித்துவிடுவார்கள். கல்யாண வீட்டிலும் சந்தையிலும்தான் தடுமாற்றம். இதற்கு இரண்டு காரணம் உண்டு. பக்கத்துச் சத்தம் நாம் கேட்க வேண்டிய பேச்சை அப்படியே மூடிவிடுவது ஒன்று. பக்கத்தில் பேசுவது புரிவதால் மனசு அந்தப் பக்கம் இழுபடுவது இன்னொன்று. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முன்னால் தமிழ் வாக்கியம் ஓட வேண்டும். பின்னால் ஒரு தடவை தமிழ்ப் பேச்சு, அடுத்த தடவை கேட்பவருக்குச் சுத்தமாகத் தெரியாத மொழி. சத்தம் மூடுவது இரண்டிலும் இருக்கும், மனசு இழுபடுவது தமிழில்தான் அதிகம். 2007-ல் வான் எங்கன், பிராட்லோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் இதைச் செய்தார்கள். பின்னால் இரண்டு பேர் ஆங்கிலம் பேசும்போது பட்ட சிரமம், சீனத்து மாண்டரின் பேசும்போது குறைந்தது. நம் மலை ஆட்களிடம் தமிழில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஆனால் தெரியாத மொழிக்கு நீலகிரியில் எங்கே போவது? ஒரு படுகர் வீட்டுப் பாட்டியை எடுத்துக்கொள். வீட்டில் படுக மொழி, கடைத்தெருவில் தமிழ், கன்னடம் காதில் விழுந்தால் பாதி புரியும். கூடலூர்ப் பக்கத்தவர்களுக்கு மலையாளம் தாய்மொழி மாதிரி. வெலிங்டனில் ராணுவத்தில் இருந்தவருக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. எஸ்டேட்டுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியபின் மற்றவர்களுக்கும் கொஞ்சம் பழகிவிட்டது. மாண்டரின் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் குரல் ஏறி இறங்குவதிலேயே சொல்லின் அர்த்தம் மாறும் மொழி அது. சிரமம் குறைந்தது மொழி புரியாததாலா, அந்த ஏற்ற இறக்கத்தாலா என்ற சந்தேகம் தீராது. ஃபின்லாந்துக்காரர்களின் ஃபின்னிஷ் மொழியில் நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு. மெய் இரட்டிப்பதும் உண்டு. ஓட்டம் அந்நியமாகத் தோன்றாது, சொல் ஒன்றும் புரியாது. அதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

இணையத்தில் பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. மோசில்லா நிறுவனம் பொதுமக்களின் குரல்களைச் சேர்க்கும் காமன் வாய்ஸ் தொகுப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாம் ஒற்றை ஒற்றை வாக்கியம், அவரவர் வீட்டில் அவரவர் மைக்கில் பேசினது. ஐ.எஸ்.டி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. ஆறு மொழிகளில் ஆறு பெண்கள் வாசித்ததைத் துண்டு துண்டாக வெட்டிக் கலந்த பதிவு. ஹியரிங் எய்டை அளக்க அருமையானது. எனக்கோ ஒரு மனுஷி ஒரே மொழியைத் தொடர்ந்து பேச வேண்டும். கடைசியில் லிப்ரிவாக்ஸ்தான் கைகொடுத்தது. தன்னார்வலர்கள் 2005-லிருந்து காப்புரிமை தீர்ந்த பழைய புத்தகங்களை வாசித்து ஏற்றிவருகிறார்கள். தேடும்போது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒலியியல் காப்பகத்தில் நம் தோடர் மொழிப் பதிவும் கண்ணில் பட்டது. நாக்கு அதிரும் ரகர வகை ஒலிகள் மட்டும் அந்த மொழியில் ஆறு! தனித்தனிச் சொற்கள்தான், என் வேலைக்கு ஆகாது. ஆனாலும் போட்டுப் போட்டுக் கேட்டேன்.

கிடைத்த பதிவையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்று கேட்க மோசமில்லை; ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் அலைவரிசைப் படமாகப் போட்டுப் பார்த்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளின் பகுதியில், ஒன்றுமே இல்லை. 1994-ல் 12 மொழிகளை அளந்து பார்த்தபோது, நீண்ட நேரச் சராசரியில் ஒலியின் பரவல் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் அந்த வெறுமை மொழியால் வந்ததில்லை, பதிவால் வந்தது. ஸ ஒலியின் வலு பெரும்பாலும் அந்த மேல் பகுதியில்தான். வயதானால் காது முதலில் இழப்பதும் அதைத்தான். அந்தப் பதிவைத் தள்ளிவிட்டேன்.

அப்புறம் இடைவெளிகள். வாசிப்பவர் மூச்சு வாங்கும் நேரத்தில், கேட்பவர் முன்னால் ஓடும் வாக்கியத்தைப் பிடித்துவிடுவார். அதனால் நீண்ட மௌனங்களை வெட்ட வேண்டியிருக்கிறது. கண்ட இடத்தில் வெட்டினால் 'டிக்'கென்று ஒரு சத்தம் வரும். அலை பூஜ்யத்தைத் தொடும் இடம் பார்த்து வெட்டினால் வராது. ராத்திரியில் உட்கார்ந்து செய்கிறேன், அலுக்கவில்லை. ஆண் குரலும் கூடாது. முன்னால் பேசுவது பெண் என்றால் பின்னாலும் பெண் குரல்தான் வேண்டும், இல்லாவிட்டால் காது சுலபமாகப் பிரித்துவிடும்.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். ஃபின்னிஷ் குரல் இரண்டு தேறிவிட்டது. தமிழில் ஒன்று என் மருமகள் தருகிறாள். இன்னொன்று நீ தர வேண்டும் கலா. வானொலியில் அத்தனை வருஷம் வாசித்த தொண்டை, ஆனால் செய்தி வாசிக்கிற தோரணை வேண்டாம். அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற வேகம் போதும். எந்தக் கட்டுரையானாலும் சரி, 10 நிமிடம். ஜன்னலைச் சாத்தி, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, கட்டில் கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டுப் பேசு. வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாதே, அது ஒலியைச் சுருக்கிவிடும். வேவ் ஃபைலாக ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பு. உன் குரல் எதற்குப் பயன்படும், யார் கேட்பார்கள் என்று எழுதின சம்மதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாகப் படி. சரி என்று பட்டால் கையெழுத்துப் போடு, எந்த வரியாவது உறுத்தினால் அதை அடித்துவிட்டு எனக்கு எழுது, மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
சாந்தி