மிதக்கும் டாங்கிக்கு பிரேக் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அறிவியல் புனைகதையில் 40 டன் டாங்கி ஒன்று காசிமேட்டிலிருந்து தரைக்கு அரை மீட்டர் மேலே மிதந்து வந்து, துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு முனையில் சடக்கென்று திரும்பிச் சுடுகிறது. மிதந்ததில் எங்களுக்குச் சண்டை இல்லை. 'ஈர்ப்பு எதிர்ப்பு எஞ்சின்' என்று ஒரே வரியில் எழுத்தாளர் தப்பித்துவிட்டார். திரும்பிய விதத்தில்தான் சண்டை.

எடையைத் தூக்கிவிட்டாலும் நிறை எங்கும் போகாது. சாதாரண டாங்கி திரும்புவதும் நிற்பதும் அதன் சங்கிலிப் பட்டை தரையைக் கவ்வுவதால். தரையைத் தொடாத வண்டிக்கு அந்தப் பிடி கிடையாது. ஹெலிகாப்டர் மாதிரி உடம்பைச் சாய்த்துத்தான் திரும்ப வேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 15 மீட்டர் ஆரத்தில் திரும்ப 25 டிகிரி சாய வேண்டும். வண்டியின் அகலம் மூன்றரை மீட்டர் என்றால் உள்பக்க விளிம்பு முக்கால் மீட்டர் கீழே இறங்கும். மிதப்பதோ அரை மீட்டரில்! ரோட்டைச் சுரண்டிக்கொண்டு துணிக்கடைக்குள் போகும். சாயாமல் பக்கவாட்டு ஜெட் வைத்துத் திருப்பலாமே என்றால், அதற்கு 19 டன் உந்துவிசை தேவை. தேஜஸ் போர் விமானத்தின் எஞ்சினே ஆஃப்டர்பர்னர் (புகைபோக்கியில் கூடுதல் எரிபொருளை எரிப்பது) போட்டுத்தான் ஏறக்குறைய 9 டன் தருகிறது.

அடுத்தது பீரங்கி. 120 மி.மீ. குழல் ஒரு குண்டைத் தள்ளும்போது வண்டி நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் பின்னால் நழுவும். பிடித்து நிறுத்த உராய்வு இல்லை. பக்கவாட்டில் சுட்டால் இன்னும் மோசம். குழல் ஈர்ப்பு மையத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், நொடிக்கு 25 டிகிரி வீதத்தில் வண்டி உருளத் தொடங்கும். கதாநாயகனின் இரண்டாவது குண்டு மொட்டை மாடிகளுக்கு மேலே போயிருக்கும்.

ஓவியர் வேறு, வண்டியின் அடியில் நான்கு விசிறிகளை வரைந்துவிட்டார். விசிறி என்றால் கணக்கே வேறு. 7 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம் உள்ள அடிப்பாகம் முழுவதையும் விசிறிக்கே கொடுத்தாலும் காற்று மணிக்கு 400 கி.மீ.க்கு மேல் கீழே பாயும். குறைந்தது 30,000 குதிரைத்திறன் பிடிக்கும். அர்ஜுன் டாங்கியின் எஞ்சின் 1,400தான். 2,000 லிட்டர் எரிபொருள் கால் மணி நேரம்கூடத் தாங்காது. 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் காற்று 100 கி.மீ.யைத் தாண்டியதற்கே மரங்கள் வேரோடு சாய்ந்தன. காசிமேட்டில் காயப்போட்ட நெத்திலி, தகர ஷீட், மணல் எல்லாம் கிளம்பி, அதில் பாதி திரும்ப விசிறிக்குள்ளேயே போகும்.

கதையின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு யோசனை: வண்டியை 10 டன்னாகக் குறைக்கட்டும். எடை கால்வாசியானால் விசிறிக்குத் தேவையான திறன் எட்டில் ஒரு பங்காகும். அதோடு காற்று மெத்தைமேல் ஓடும் ஹோவர்கிராஃப்ட் போல அடியைச் சுற்றி ரப்பர் பாவாடை கட்டி, அதற்கும் தரைக்கும் 5 செ.மீ. இடைவெளி மட்டும் விட்டுக் காற்றை உள்ளே அடைத்து வைத்தால், இழப்புகளையும் சேர்த்துத் தூக்குவதற்கு 500 குதிரைத்திறன் போதும். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலோரக் காவல்படை ஓட்டும் வண்டிகள் இந்த வகைதான். கவசம் துப்பாக்கித் தோட்டாவுக்குத் தாங்கும், அவ்வளவுதான். பெரிய பீரங்கிக்குப் பதில் ஏவுகணை வைக்கலாம். பின்னுதைப்பு அநேகமாக இல்லை.

சண்டையை எம்.சி. ரோட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தச் சேற்றில் நிஜ டாங்கி புதையும், இது வழுக்கிப் போகும். பாவாடை விரல் விரலாகத் தொங்குவதால் ஒன்றிரண்டு கிழிந்தாலும் பக்கத்து விரல்கள் விரிந்து அடைத்துக்கொள்ளும். சிப்பிப் படுகையில் ஒரு பக்கம் மொத்தமாகக் கிழிந்தால்தான் காற்று ஒழுகி அந்த மூலை தரைதட்டும். எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி அதே இடத்தில் வட்டமடிக்கும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை