தொடர் காட்சியும் பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சித் தொடர்களின் காட்சிகளை வெட்டிப் பாட்டோடு ஒட்டுவதைச் சிலர் வெறும் திருட்டு என்கிறார்கள். ஆறு வருடமாக அதைச் செய்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மாமியார், மருமகளின் கதையை நான்கு நிமிடப் பாட்டுக்குள் கொண்டுவந்தேன். நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு உள்ள பாட்டு. வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படங்கள் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். மருமகள் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணம் தட்டில் விழ வேண்டும், இரண்டு ஃபிரேம் பிந்தினாலும் உயிர் போய்விடும். வசனத்தை எடுத்துவிட்டால்தான் தெரிகிறது, அந்த மாமியார் எத்தனை இடத்தில் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று! எபிசோடு ஓடும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. 1975இலேயே அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, ஒரு தொடரின் படங்களை ஸ்லைடுகளாக்கிப் பாட்டுக்கு ஏற்பக் காட்டினார்.

இணையத்தில் ஏற்றிய பத்தே நிமிடத்தில் என் வீடியோவைத் தளத்தின் தானியங்கி உரிமைச் சோதனை முடக்கிவிட்டது. உரிமை தொடரை எடுத்தவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்காமல் செய்யும் ரசிகர்களின் வீடியோவை முடக்கும் முன் ஒரு மனிதராவது அதைப் பார்க்கட்டும். அப்புறம் முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி