நாரி நோவும் கைரோபிராக்டரும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

உன் நாரி நோ ஆறு வாரமாகியும் விடவில்லை என்றும், வரும் வியாழக்கிழமை அங்கே கனடாவில், ஸ்கார்பரோவில், முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர் ஒருவரிடம் போகவிருக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். உன்னைத் தடுப்பதற்காக நான் எழுதவில்லை. உன் முதுகில் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அறிந்துகொண்டு போ என்பதற்காகவே எழுதுகிறேன்.

உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேற்காலை மடித்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி, மூட்டு அதற்கு மேல் அசையாமல் நிற்கும் இடத்தில் மிக விரைவாக, ஆனால் மிகச் சிறிய தூரத்துக்கு மட்டும் ஓர் அழுத்தம் கொடுப்பார். அப்போது 'டக்' என்று கேட்கும். விலகிய எலும்பு பூட்டிக்கொண்ட சத்தம் என்று பலர் நம்புகிறார்கள், அப்படியன்று. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் வாயுக் குழிவு ஒன்று உண்டாகிறது, அவ்வளவுதான். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதுவே. ஆகவே சத்தம் வரவில்லை என்று கவலைப்படாதே, வந்துவிட்டது என்று மகிழவும் வேண்டாம்.

1895 இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் இம்முறையைத் தொடங்கிய டி. டி. பாமர் மருத்துவம் படித்தவரல்லர். காந்த வைத்தியம் செய்துவந்தவர். அவர் முதலில் கைவைத்ததும் நாரி நோவுக்கல்ல, ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் கேளாத காதுக்கு! முள்ளெலும்பு விலகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற அவருடைய கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் நாரி நோவுக்கு இச்சிகிச்சை ஓரளவு உதவுகிறது. பிரித்தானியாவின் 2016 ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டல், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதனைச் செய்யலாம் என்கிறது.

அதன் பொருளை நான் என் உடம்பிலேயே கண்டேன். டச்சுக்குடாவில் வள்ளம் இழுக்கக் கைகொடுத்து நாரி பிடித்துக்கொண்டபோது, சுளுக்கு எடுப்பவர் ஒருவர் என்னைக் குப்புறப் போட்டு முறித்தார். இரண்டு நாள் பறப்பதுபோல இருந்தது. மூன்றாம் நாள் நோ பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. விடியற்காலையில் கடற்கரையோரம் நடந்து, பிசியோதெரபி செய்யும் பிள்ளை சொல்லித்தந்த பயிற்சிகளை விடாமல் செய்த பிறகுதான் கோணேசர் கோயில் மேட்டை நிற்காமல் ஏற முடிந்தது.

காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்குப் பகுதி மரத்தாலோ, சிறுநீர் கழிப்பது கடினமானாலோ கைரோபிராக்டரிடமன்று, உடனே வைத்தியசாலைக்கே போக வேண்டும். நோ நாரியில் இருக்க, கழுத்தைத் திருப்ப இடம் கொடுக்காதே. கழுத்து நாடி கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிதாயினும் நடந்திருக்கிறது. முதல் நாளே முப்பது தடவைக்குப் பணம் கட்டச் சொன்னால் கையொப்பம் இடாதே. ஒன்ராறியோ அரசின் காப்புறுதி 2004 இலிருந்து இதற்குப் பணம் கொடுப்பதில்லை. போவது உன் சம்பளம்.

வேலை செய்யும் கதிரையில் உன் பாதம் தரையில் முழுதாகப் படுகிறதா, எத்தனை மணித்தியாலம் எழும்பாமல் இருக்கிறாய் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா