ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வேண்டும்: நம் கால்பந்து கிளப்புக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அண்ணன்மார்களே, தம்பிகளே, வெளியூரில் செட்டிலாகிவிட்ட பழைய ஆட்டக்காரர்களே,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 46,000 ரூபாய் வேண்டும். புது ஜெர்சிக்கு இல்லை, ஆண்டு விழாப் பந்தலுக்கும் இல்லை. லீக்கில் இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி இருக்கிறது, ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை, அந்த ஐந்து நாளும் நம் பையன்கள் பதினொரு பேர் முழுசாக மைதானத்தில் நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பணம்.

புள்ளிப் பட்டியலைப் பார்க்காதவர்களுக்காக நிலவரம் இதுதான். முதல் டிவிஷனில் பத்து அணி, ஒவ்வொரு அணிக்கும் 18 ஆட்டம், கடைசி இரண்டு இடத்தில் முடிப்பவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். 13 ஆட்டம் முடிந்த நிலையில் நாம் 11 புள்ளியோடு ஒன்பதாவது இடத்தில் இருக்கிறோம். எட்டாவது இடத்தில் இருப்பவர்களுக்கு 13 புள்ளி. இரண்டே புள்ளிதானே என்று நினைக்க வேண்டாம், புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், நம் கோல் வித்தியாசத்தைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதே அணியோடுதான் நமக்குக் கடைசி ஆட்டமும், அதுவும் நம் மைதானத்தில். அந்த நாள் வரைக்கும் தொடுகிற தூரத்தில் இருந்துவிட்டால் போதும், மிச்சத்தைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"ஏன் இந்த நிலைமை, கோச் சரியில்லையா, ஃபார்வர்டு சரியில்லையா" என்று டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி கடைசியில் லீக் தொடங்கி முதல் ஐந்து ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு டிரா, ஒரே ஒரு தோல்வி. அதே கோச், அதே ஃபார்வர்டுதான். அடுத்த எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, மற்ற ஏழும் தோல்வி. நடுவில் என்ன நடந்தது? மாங்காய் வந்தது.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்து படிக்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறோம். ஏப்ரல் பாதிக்கு மேல் நம் ஊரில் கொத்து வேலைக்கோ பெயிண்ட் அடிக்கவோ ஆள் கிடைக்காது, எல்லாரும் மண்டியில் இருப்பார்கள். அல்போன்சா, செந்தூரா எல்லாம் ஓடி முடிவதற்குள் பெங்களூரா வரத்து ஏறிவிடும், அது மாங்கூழுக்குப் போகிற சரக்கு, பல்ப் ஃபேக்டரிகள் ராப்பகலாக ஓட ஆரம்பிக்கும். வருடத்தில் மூன்று மாதம்தான் இந்தக் காசு. நம் அணியில் ஆறு பேருக்கு அதுதான் முக்கிய வருமானம், அதை வைத்துத்தான் தங்கச்சியின் காலேஜ் ஃபீஸும் வீட்டுக் கடனும் ஓடுகிறது. சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வெளியே வருவான். போகவில்லை என்றால் ஒரு நாள் கூலி போச்சு, அடுத்த வாரம் அவன் பெயரை எழுதுவார்களா என்பதும் சந்தேகம். எந்தப் பையனைக் குறை சொல்ல முடியும்?

ஊத்தங்கரை ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று மணிக்கு ஆட்டம், நாம் ஒன்பது பேரோடு இறங்கினோம். நம் லெஃப்ட் பேக் ராத்திரி முழுக்க லாரியில் மாங்காய்ப் பெட்டி ஏற்றிவிட்டு, வேனிலேயே தூங்கிக்கொண்டு வந்தவன். இரண்டு முழங்கையிலும் மாங்காப் பால் பட்டு வெந்து கறுத்த தழும்பு. கீழே விழுந்தால் எரிகிறது என்று பழைய சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டுக் கையில் மாட்டிக்கொண்டு ஆடினான். ஹாஃப் டைமில் எல்லாருக்கும் குளுக்கோஸ் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், இவன் கோல் போஸ்ட்டில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். எழுப்பியதும் ஸ்கோர் என்ன என்றுதான் கேட்டான். 0-0. அந்த ஆட்டத்தில் 70 நிமிஷம் வரைக்கும் கோல் விடவில்லை நாம். அப்புறம் கால் ஓயத் தொடங்கியது, 20 நிமிஷத்தில் மூன்று கோல்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நிலைமை இன்னும் மோசம். ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது கால்பந்து விதி, உலகம் முழுக்க இதே கதைதான். நம்மிடம் அன்றைக்கு ஆறு பேர். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார், கடைசியில் வாக்-ஓவர், அதாவது ஆடாமலேயே எதிரணிக்கு வெற்றி, என்று எழுதிவிட்டார். வந்த ஆறு பேரும் பூட்ஸ் லேஸைக்கூட அவிழ்க்காமல் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

முழு டீமோடு இறங்கிய ஆட்டங்களில் இந்த சீசனில் நாம் ஒன்றில்தான் தோற்றிருக்கிறோம். மற்ற தோல்விகள் எல்லாம் ஆள் குறைந்தோ, காலையில் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்த ஆளை வைத்தோ ஆடியவை. கமிட்டி உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது இதுதான் கண்ணில் பட்டது. கோச்சை மாற்றலாமா, ஃபார்மேஷனை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்ததை அத்தோடு நிறுத்திவிட்டோம்.

ஆகவே முடிவு இது: மண்டிக்கும் ஃபேக்டரிக்கும் போகிற அந்த ஆறு பையன்களுக்கு, ஐந்து சனிக்கிழமை ராத்திரிக் கூலியைக் கிளப் கொடுத்துவிடும். ஒரு ராத்திரிக்கு 700 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 21,000 ஆகிறது. அவர்கள் வீட்டில் படுத்துத் தூங்கட்டும், அதற்குத்தான் காசு. அடுத்த பெரிய செலவு வேன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை என்று மூன்று வெளியூர் ஆட்டம் பாக்கி, மூன்றுக்கும் சேர்த்து வாடகை 15,000 கேட்கிறார்கள். பஸ்ஸில் போகலாமே என்று சிலர் கேட்டார்கள், போனோம், போன முறை தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனபோது இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் இறங்கினோம். ரயிலில் போகலாம் என்றால் நம் ஊருக்கு ரயிலே கிடையாது, அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் இது வேறு மாதிரி வேண்டுகோளாகிவிடும். மீதி எல்லாம் சின்னச் சின்ன செலவு: சொந்த மைதானத்தில் நடக்கும் இரண்டு ஆட்டத்துக்கு ரெஃப்ரி, லைன்ஸ்மேன், கோடு போடுவது எல்லாம் சேர்த்து 6,000, ஐந்து நாளும் பையன்களுக்குச் சாப்பாடு, முட்டை, வாழைப்பழம் 7,500, இரண்டு பந்து 3,000, டேப், ஸ்பிரே, ஐஸ் என்று முதலுதவிக்கு 3,000. கூட்டினால் 55,500. கையிருப்பு 9,500. மிச்சம்தான் முதலில் சொன்ன தொகை.

கையிருப்பு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். நம் ஸ்டாப்பருக்கு (கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரர்) மார்ச் மாதம் முட்டியில் லிகமென்ட் கிழிந்தது எல்லாருக்கும் தெரியும். ஸ்கேனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளப் பணத்திலிருந்துதான் கொடுத்தோம். அதில் கமிட்டிக்கு இரண்டாவது கருத்து எதுவும் இல்லை, இனியும் அப்படித்தான் கொடுப்போம். வருடா வருடம் உதவிய ஸ்பான்சர் ஒருவர் இந்த வருடம் கையை விரித்துவிட்டார், அவருக்கும் வியாபாரம் சரியில்லை, அதை விடுங்கள்.

கூலி கொடுப்பது பற்றி கமிட்டிக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. "நாங்கள் ஆடின காலத்தில் கைக்காசு போட்டு ஆடினோம், காசு கொடுத்துக் கூட்டிவந்து ஆடவைத்தால் அது நம் டீமா" என்று மூத்தவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது நேற்று வந்த பிரச்சினை இல்லை. கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே இதே சண்டை நடந்திருக்கிறது. அங்கே வடக்குப் பக்கம் பருத்தி மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்த பையன்கள் ஆட வந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போகும், தெற்கே இருந்த வசதியானவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அதனால் "காசு வாங்கி ஆடுவது அசிங்கம்" என்று அவர்களால் சுலபமாகச் சொல்ல முடிந்தது. கால்பந்து சங்கம் 1885-ல் இறங்கிவந்து ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை அனுமதித்தது. ரக்பிக்காரர்கள் இறங்கிவரவில்லை. இழந்த கூலியை மட்டுமாவது கொடுக்க விடுங்கள் என்று கேட்ட வடக்கத்திக் கிளப்புகள் 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி, தனியாகப் பிரிந்து போய்விட்டன. ஒரு ஆட்டமே இரண்டாக உடைந்தது இந்த விஷயத்தில்தான். மூத்தவர்களிடம் இதைச் சொன்னோம். ஒருவர் சிரித்துவிட்டு முதல் ஆளாக 1,000 ரூபாய் எழுதினார். இன்னொருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பாட்டுச் செலவில் ஒரு நாளை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கோல் அடித்தால் கூடுதல், ஜெயித்தால் போனஸ் என்பதெல்லாம் கிடையாது. ஆறு பேருக்கும் ஒரே தொகை, பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதே தொகை. காலேஜ் போகிறவர்களும் ஓசூர் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களும் எங்களுக்கு வேண்டாம் என்று அவர்களாகவே சொல்லிவிட்டார்கள்.

இறங்கினால் என்ன, அடுத்த வருடம் ஏறிக்கொள்ளலாமே என்கிறவர்களுக்கு: இரண்டாம் டிவிஷனிலிருந்து முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு அணிதான் மேலே வரும். அங்கே ஆட்டமும் குறைவு, இரண்டு மாதத்தில் சீசன் முடிந்துவிடும், மீதி வருடம் பையன்கள் என்ன செய்வார்கள்? சாயங்காலம் நம் மைதானத்தில் ஓடுகிற பதினைந்து வயசுப் பசங்களில் நன்றாக ஆடுகிற மூன்று நான்கு பேரிடம் வேறு கிளப்புகள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டன. நாம் இறங்கினால் அவர்கள் போவார்கள். அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் போவோம்.

ஐந்து ஆட்டத்தில் என்ன மாறிவிடும் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. நம் வாட்ஸ்ஆப் குரூப்பில் தினமும் இங்கிலாந்துக் கிளப் லெஸ்டர் சிட்டியின் கதையைப் போடுகிற தம்பிக்கு நன்றி: 2014-15 சீசனில் மாதக்கணக்கில் கடைசி இடத்தில் கிடந்தவர்கள், கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை ஜெயித்துத் தப்பித்தார்கள், அடுத்த வருடமே சாம்பியனும் ஆனார்கள். (அதே அணி 2023-ல் இறங்கியது, அதையும் போடு தம்பி.) ஆனால் கமிட்டிக்குப் பிடித்த கதை இன்னொரு இங்கிலாந்துக் கிளப்பான கார்லைல் யுனைடெட். 1999 மே 8, சீசனின் கடைசி ஆட்டம், 1-1 என்று இருக்கிறது, ஜெயிக்காவிட்டால் லீக்கை விட்டே வெளியே. 90 நிமிஷம் முடிந்து ரெஃப்ரி சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ஒரு கார்னர் கிடைக்க, கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி, தெறித்து வந்த பந்தை உள்ளே அடித்தார். கார்லைல் தப்பித்தது. அந்த ஜிம்மி கிளாஸ் அவர்களுடைய ஆளே இல்லை. கையில் கீப்பர் இல்லாமல் போனதால், தனி அனுமதி வாங்கி இன்னொரு கிளப்பிலிருந்து கடனாகக் கூட்டிவந்தவர், மொத்தம் ஆடியதே மூன்று ஆட்டம். எல்லாரும் அந்தக் கோலைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு, அலைந்து திரிந்து அனுமதி வாங்கி ஒரு கீப்பரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய ஆபீஸ் ஆட்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

தொகை எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். 100 ரூபாயும் வாங்கிக்கொள்வோம். ஒரு பையனின் ஒரு ராத்திரியை ஏற்றுக்கொள்கிறேன் என்று 700 கொடுத்தால் சந்தோஷம், ஆனால் யாருடைய கூலி யார் கொடுத்தது என்று மைதானத்தில் பேசக்கூடாது, அவர்களுக்கும் மானம் இருக்கிறது. வேன் வைத்திருப்பவர்கள் டீசல் மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு நாள் வர முடிந்தால் அதுவே பெரிய நன்கொடை. மண்டி வைத்திருக்கும் அண்ணன்கள் யாராவது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கும் பையன்களை சனிக்கிழமை பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கொடுத்தால் காசே வேண்டாம், அந்தத் தொகையை அப்படியே குறைத்து இங்கேயே அறிவித்துவிடுவோம்.

பணத்தைப் பொருளாளரிடமோ, மாலை ஆறு மணிக்கு மேல் மைதானத்தில் இருக்கும் கமிட்டி ஆட்களிடமோ கொடுங்கள், கண்டிப்பாக ரசீது கேட்டு வாங்குங்கள். ஜிபே, போன்பே செய்கிறவர்கள் கிளப் கணக்கின் எண்ணைப் பொருளாளரிடம் நேரில் கேட்டுக்கொள்ளவும், வேறு யாராவது குரூப்பில் ஒரு எண்ணைப் போட்டால் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் செவ்வாய்க்கிழமை வரவு செலவு எழுதி மைதானத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். சீசன் முடிந்து மிச்சம் இருந்தால் ஸ்டாப்பரின் பிசியோதெரபிக்குப் போகும்.

முதல் தவணையாவது இந்த வியாழக்கிழமை ராத்திரிக்குள் வந்து சேர வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்டுக்கு வெள்ளிக்கிழமை காலையே பெயர் எழுதிவிடுவார்கள், அதற்குள் பையன்களிடம் "நீ போக வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கிளப் கமிட்டி, கிருஷ்ணகிரி