சீகல் எஞ்சின் ஓடிட்டு, கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கெழம உவரியில நாங்க கூட்டாளிய சேர்ந்து விட்ட பழைய எஞ்சின் போட்டியில நம்ம பிரிட்டிஷ் சீகல் நாலாவதா கரைக்கு வந்திச்சு. ஏழு வள்ளத்துல நாலாவது, எனக்கு அது போதும், ஏன்னா அது தூத்துக்குடியில ஒரு பழைய இரும்புக் கடையில கிலோ கணக்குல எடை போட்டு வாங்கின எஞ்சின். அன்னைக்கு கரையில வச்சே எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு நெனச்சேன், தொண்டைய அடைச்சிட்டு, பேச்சு வரல. அதான் இப்ப ஒக்காந்து டைப் பண்ணுதேன். பேரு போட வேண்டாம்னு பாதிப் பேரு சொல்லிட்டாவ, அதனால யாரு பேரும் போடல, யாரைச் சொல்லுதேன்னு அவுங்கவுங்களுக்குத் தெரியும்.

சீகல்னா என்னன்னு கேக்குறவியளுக்கு ரெண்டு வரி சொல்லிருதேன். இங்கிலாந்துல 1931ல இருந்து செஞ்ச அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகுக்குப் பின்னால வெளிய மாட்டுதது, ஒத்த சிலிண்டர், ரெண்டு ஸ்ட்ரோக். மேல மூடி கெடையாது, ஃப்ளைவீல் வெளிய தெரிய சுத்தும், அதுல கயித்தைக் கையால சுத்தி இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும், ஒவ்வொரு தடவையும் புதுசா சுத்தணும். நம்மகிட்ட இருக்கது சில்வர் செஞ்சுரி, அஞ்சு இலை ப்ரொப்பெல்லர். வேகத்துக்குன்னு செஞ்ச எஞ்சின் இல்ல இது, கனமான படகைப் பைய தள்ளிக்கிட்டுப் போறதுக்குச் செஞ்சது. ஆனா நியூசிலாந்துல இந்த எஞ்சினுக்குன்னே தனியா ரேஸ் விடுதாங்க, அதைப் பாத்த நாள்ல இருந்துதான் எனக்கு இந்த ஆசை.

மொதல் நன்றி டவுன்ல ஈயம் பூசுத தாத்தாவுக்கு. சீகலோட டேங்க் பித்தளை. நம்ம டேங்குல அடியில மூணு எடத்துல ஓட்டை, ஒரு பக்கம் நசுங்கி உள்ள போயிருந்திச்சு. வெல்டிங் கடைக்காரங்க ரெண்டு பேரு இது நம்ம வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாவ. தாத்தா டேங்கைக் கையில வாங்கி, காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டிட்டு, "குடம்தானப்பா இது, வாய் சின்னதா இருக்கு, அவ்வளவுதான்"னாவ. உள்ள பழைய பெட்ரோல் இருந்தா தீப்புடிச்சிரும்னு ரெண்டு நாள் தண்ணி ஊத்தி ஊற வச்சு, கழுவி, வெயில்ல காயவச்ச பொறவுதான் நெருப்புகிட்டயே கொண்டு போனாவ. நசுங்கின எடத்தை நெளிவெடுத்த வெதத்தை நான் வீடியோ எடுக்காம விட்டுட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு. கூலி கேட்டா நூறு ரூவாக்கு மேல வாங்க மாட்டேன்னுட்டாவ.

அம்மாவுக்கு நன்றி. புளி கரைச்சு, கொஞ்சம் உப்பும் போட்டு, அந்த டேங்கைத் தேச்சு தேச்சு கோயில் வெளக்கு மாதிரி ஆக்கித் தந்தது அம்மாதான். பெயிண்ட் அடிச்சிருன்னு பல பேரு சொன்னாவ, நான் கேக்கல. பித்தளை பித்தளையாவே இருக்கணும்.

சிலிண்டர் பக்கம்தான் பயங்கரம். தண்ணி சுத்தி வர்ற வழி முழுக்க உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லா எறுகிப் போயிருந்திச்சு. எத்தனை வருசமோ கடல்ல ஓட்டிட்டு ஒருக்காக்கூட நல்ல தண்ணியில ஓடவிடாம வச்சிருக்காங்க. வள்ளம் வச்சிருக்க தம்பிமாருக்கு ஒண்ணு சொல்லுதேன், கடல்ல ஓட்டிட்டு வந்தா ஒரு டிரம்முல நல்ல தண்ணி ரொப்பி அஞ்சு நிமிசம் ஓடவிடுங்க, ஒங்க எஞ்சின் ஒங்க மகன் காலம் வரைக்கும் ஓடும். நம்ம சிலிண்டரை ஒரு வாரம் வினிகர்ல ஊறப் போட்டு, சைக்கிள் ஸ்போக் கம்பியால குத்திக் குத்தி எடுத்தோம். அந்த வேலைய முழுசாச் செஞ்சது எங்க அத்தை மகன், பத்தாவது பரீச்சை முடிஞ்ச லீவுல, வெளையாடப் போகாம ஒக்காந்து குத்துனான். தம்பி, ஒனக்கு ஒரு ஸ்பானர் செட் வாங்கி வச்சிருக்கேன்.

இப்ப வள்ளியூர் லேத் அண்ணாச்சி. இதைக் கொஞ்சம் வெலாவாரியாச் சொல்லணும், ஏன்னா எஞ்சின் உசுரே இங்கதான் இருந்திச்சு. ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்ல பெட்ரோல் கலவை மொதல்ல கிராங்க் கேசுக்குள்ள, அதாவது பிஸ்டனை ஆட்டுத கிராங்க் தண்டு சுத்துற கூட்டுக்குள்ள போவும், பிஸ்டன் கீழ எறங்கும்போது அங்கன அமுங்கி, பொறவுதான் மேல சிலிண்டருக்கு ஏறும். கிராங்க் கேசுல எங்கயாவது காத்து கசிஞ்சா அமுக்கம் வராது, எவ்வளவு கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவாது. இப்ப வர்ற எஞ்சின்ல இதுக்கு ரப்பர் சீல் உண்டு. சீகல்ல அது கெடையாது, கிராங்க் சுத்துறது குழாய் மாதிரி நீளமான வெண்கல புஷ்ஷுல, அதுக்குள்ள நிக்கிற ஆயில்தான் சீல். நம்ம புஷ் தேஞ்சு கிராங்க் கையாலயே ஆடிச்சு. அண்ணாச்சி கன்மெட்டல்ல, அதுவும் ஒரு வகை வெண்கலம்தான், புதுசு கடைஞ்சு தந்தாவ. மொதல் தடவ கடைஞ்சது ஒரு மயிரிழை லூஸ், நான் பரவால்ல போதும்னேன், அவிய என்னைப் பாத்த பார்வை இருக்கே! அதைத் தூக்கிப் போட்டுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னு ரெண்டாவது கடைஞ்சாவ. மறுநா காலைல அவிய வீட்டுல மக நிச்சயதார்த்தம்னு எனக்கு அப்ப தெரியாது அண்ணாச்சி, தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கு வந்திருக்கவே மாட்டேன், மன்னிக்கணும்.

பிளக்குக்குப் பொறி தர்ற மேக்னெட்டோவை மொதல்ல வெளியூருல ஒரு கடையில குடுத்தேன், ஒரு மாசம் வச்சிருந்துட்டு ரெண்டு ஸ்க்ரூ இல்லாம திருப்பித் தந்தாங்க. அதை விடுங்க. நாங்குநேரியில பம்ப் செட்டுக்குக் காயில் கட்டுத அண்ணன்கிட்ட கொண்டு போனேன், அவிய காயிலை சோதிச்சுட்டு, "காயில் சாகல, ஈரம் குடிச்சிருக்கு"ன்னு சொல்லி, பல்பு சூட்டுல ரெண்டு நாள் காய வச்சு வார்னிஷ் பூசித் தந்தாவ. கண்டென்சர்தான் போயிருந்திச்சு. அதுக்கு ஒரு பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டர் கண்டென்சர் போட்டோம், பொருந்திட்டு. பொறிக்குக் கரண்டை வெட்டி விடுத பாயிண்டோட கேப் 0.020 அங்குலம் வச்சு ஃப்ளைவீலைச் சுண்டி விட்டதும் நீலமா ஒரு பொறி பாருங்க, பட்டறையில இருந்த எல்லாரும் சத்தம் போட்டுட்டோம்.

பெரிய நன்றி உவரி மெக்கானிக் அண்ணனுக்கு. நாப்பது வருசமா கரையில யமஹாவும் சுசுகியும் பிரிச்சு மாட்டுதவிய, சீகலைக் கண்ணால பாத்ததே இல்ல. ஆனா ஆயில் கலவை விசயத்துல எல்லாரும் ஒரு பக்கம் நின்னப்ப அவிய மட்டும் என் பக்கம் நின்னாவ. இந்த மாடலுக்குப் பத்துக்கு ஒண்ணு, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். இப்ப உள்ள எஞ்சினுக்கு 20 மில்லி போட்டுப் பழகினவியளுக்கு இது பைத்தியக்காரத்தனமாத் தெரியும், பிளக்கு கரி புடிச்சிரும், பொகையில கண்ணு தெரியாதுன்னு சண்டை. அண்ணன் புஷ்ஷைக் கையில எடுத்து உருட்டிப் பாத்துட்டு, "சீல் இல்லாத எஞ்சினுக்கு ஆயில்தாம்ல சீலு, கொறைச்சா காத்தும் கசியும், புஷ்ஷும் போவும், அவன் சொன்னதையே ஊத்துங்க"ன்னாவ. கையால புடிச்சே எஞ்சினைப் படிக்கிற ஆளு. பொறவு மூணு சாயங்காலம் கடல்ல ஓட்டி ஓட்டி கார்புரேட்டரைத் தட்டி வச்சதும் அவியதான், பிளக்கைக் கழட்டிப் பாத்து, கருப்பட்டி கலரு வர்ற வரைக்கும் விடல. எஞ்சினை ரெண்டு அங்குலம் ஒசத்தணும்னு சொல்லி பனங்கட்டையில துண்டு செதுக்கி வள்ளத்துப் பின்பக்கம் வச்சதும் அவிய யோசனை, ரொம்ப ஆழமா இருந்தா இழுவை, ரொம்ப மேல வந்தா இலை காத்தை விழுங்கும், அந்த ரெண்டு அங்குலத்துல வள்ளம் போற போக்கே மாறிட்டு.

ப்ரொப்பெல்லர் இலைய அரம் போட்டு ஒண்ணு போல ஆக்கின ஐடிஐ பிள்ளைங்களுக்கும் நன்றி. ஒரு கம்பியில கோத்துத் தொங்கவிட்டு, கனமான இலை கீழ வர வர அதை மட்டும் ராவி, எங்க நிறுத்தினாலும் அங்கனயே நிக்கிற வரைக்கும் பொறுமையாச் செஞ்சாங்க.

போட்டிக்கு எடம் தந்த ஊர் கமிட்டிக்கும், கரையில நின்னு ஜெபம் பண்ணி அனுப்பின பங்குச்சாமிக்கும், லைஃப் ஜாக்கெட் இல்லாம ஒருத்தரும் ஏறக்கூடாதுன்னு கண்டிசனா நின்ன பெரியவங்களுக்கும் நன்றி. கொறைஞ்ச குதிரைசக்தி மொதல்ல கெளம்பணும், பெரிய எஞ்சின் பின்னால வரணும்னு நேரம் பிரிச்சு விட்டது நல்ல ஏற்பாடு, இல்லன்னா எங்களுக்கு வாய்ப்பே இல்ல. கச்சான் காத்து கெளம்புறதுக்கு முன்ன, வெள்ளன ஆறரைக்கு விட்டோம். மெதவையைச் சுத்தித் திரும்பி கப்பல் மாதா கோயிலைப் பாத்து வள்ளத்தை நேராப் புடிச்சப்ப ஒரு நாப்பது குதிரை யமஹா எங்களைத் தாண்டிப் போச்சு, அதுல இருந்தவிய கையாட்டி "விடாத மக்கா"ன்னு கத்திட்டுப் போனாவ. அவியளுக்கும் நன்றி. சீகல் ஒரு எடத்துல கூட திணறல, போன சத்தம் மாறாம வந்து மணல்ல ஏறிச்சு.

மிச்சம் இருக்க கன்மெட்டல் துண்டை அண்ணாச்சி கடைக்குக் கொண்டு வாரேன். நாங்குநேரி அண்ணன், காயில் சோதிக்கிற ஒங்க மெக்கர் மீட்டர் எங்கிட்டதான் பத்திரமா இருக்கு.

தாத்தா மட்டும் முழங்கால் வலின்னு உவரிக்கு வரல, அவிய இன்னும் எஞ்சின் சத்தத்தைக் கேக்கவே இல்ல. அதனால வர்ற வெள்ளிக்கெழம காலைல 10 மணிக்கு லோடு ஆட்டோவுல ஏத்தி டவுனுக்குக் கொண்டு வாரேன். கடை முன்னால ஒரு டிரம்முல தண்ணி ரொப்பி வைக்கச் சொல்லுங்க தாத்தா, கயிறு நீங்கதான் இழுக்கணும்.