ஈரம் வேறு, பதம் வேறு

எய்யா,

தினம் ரெண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் தக்காளிச் செடி மஞ்சளாகி வாடுது என்று நேற்று போனில் சொன்னாயே, ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். மண் பதமா இருக்கணும் என்றேன், ஈரமாத்தானம்மா இருக்கு என்றாய். அங்கேதான் தப்பு, ராசா. மண்ணில் தண்ணீர் இருந்தால் அது ஈரம். அந்த ஈரம் நாம் செய்யப்போகிற வேலைக்குச் சரியாக வந்து நின்றால்தான் பதம். அதிரசப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேனே, உருண்டால் பதம், கரைந்தால் இன்னும் கொதிக்கணும், முறுகினால் போச்சு, மண்ணும் அப்படித்தான்.

நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல். செம்மண் மழை விட்ட மறுநாளே ஏருக்கு வந்துவிடும், கரிசல் நாலைந்து நாள் காக்க வைக்கும், அப்புறம் வெயில் ஏற ஏற இறுகிவிடும். தாத்தா ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். பொலபொலவென்று உதிர்ந்தால் உழவு. களியாக அப்பினால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஒரு வருஷம் டிராக்டர் கிடைத்ததே என்று ஈரத்தோடு உழுதுவிட்டோம், காய்ந்ததும் காடு பூரா செங்கல் மாதிரி கட்டி, பருத்தி பாதிகூட முளைக்கவில்லை.

இங்கே அம்பாசமுத்திரத்தில் கணக்கு வேறு. நடவுக்குத் தொளியாக, அதாவது சேறாகவே உழுகிறோம். ஆனால் பிசானப் பருவத்து நெல் அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து விதைக்கிறோமே, அதற்கு மண் மெழுகுப் பதத்தில் இருக்கணும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்திருந்தால் முளைக்காது. அப்பா ரெண்டு நாளாக மடையை அடைத்துவிட்டு வயலில் இறங்கி மிதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

உன் தொட்டியில் தென்னைநார்க் கழிவு அதிகம். மேலே காய்ந்து தெரியும், அடியில் சொதசொதவென்று கிடக்கும். வேருக்குக் காற்றும் வேணும், அது இல்லாமல் வேர் அழுகினால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடும். நாளைக் காலையில் ஊற்றாதே. விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார், குளிர்ச்சி தட்டினாலே போதும், அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணு.

அம்மா